பழைய காருக்கு எந்த இன்ஜின் ஆயில்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திய முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "வண்டிக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் கெட்டியான ஆயிலா ஊத்துங்க." நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனாலும் அதைக் கேட்டு நேராகக் கடைக்குப் போய்விடாதீர்கள். இன்ஜினைச் செய்தபோது அதன் பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார்கள், இன்று அது எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஆயிலை முடிவு செய்ய வேண்டும். முதல் கேள்விக்கு வண்டியின் கையேட்டில் பதில் இருக்கிறது. இரண்டாவதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு பழைய துணி, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் கையேடு

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஆயில், கூலன்ட் அளவுகள் போட்ட அட்டவணை இருக்கும். அதிலிருந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேடு (ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்), தரத்தைக் குறிக்கும் எழுத்துகள், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பல பழைய கையேடுகளில் ஒரே ஒரு கிரேடு இருக்காது. ஒரு வெப்பமானிப் படம் போட்டு, அதன் பக்கத்தில் பட்டை பட்டையாக 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருப்பார்கள். எந்தக் குளிரிலிருந்து எந்த வெயில் வரைக்கும் எந்த கிரேடு ஆகும் என்று அந்தப் பட்டைகள் சொல்லும். அந்தப் படத்துக்குள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வண்டியைச் செய்தவரின் சம்மதம் உண்டு. கிரேடு மாற்றுவது பற்றி யார் என்ன சொன்னாலும், முதலில் அந்தப் படத்தோடு ஒத்துப்பாருங்கள்.

கையேடு தொலைந்துபோயிருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். சில வண்டிகளில் கிரேடு அதிலேயே பொறித்திருக்கும். பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கலாம். இல்லாவிட்டால் அதே மாடலின் கையேட்டைத் தேடுங்கள். ஒரே மாடல் இரண்டு மூன்று இன்ஜின்களோடு விற்பனைக்கு வந்திருக்கும் என்பதால், மாடல் பெயரோடு நிற்காமல் இன்ஜின் குறியீட்டையும் சரிபாருங்கள்.

வண்டி என்ன சொல்கிறது?

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். மேலே ஏறிய ஆயில், இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கு இறங்கி வர அவ்வளவு நேரம் வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். முதல் முறை எடுத்ததை நம்பாதீர்கள்; குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் இழுபட்டு, உண்மையில் இருப்பதைவிட மேலே காட்டும்.

ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்த பிறகு, அதே துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பதால் மட்டும் கவலைப்பட வேண்டாம். அழுக்கைக் கரைத்துத் தன்னோடு வைத்திருப்பதும் ஆயிலின் வேலைதான். டீசல் இன்ஜினில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். ஆனால் நறநறவென்று மணல் போல உரசினாலோ, வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னினாலோ அது உலோகத் தேய்மானம். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால், எரிபொருள் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் வண்டிகளில் கிழிந்த பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் இப்படிச் செய்யும். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளைப் பசை படிந்திருப்பது, குட்டிக் குட்டித் தூரங்களே ஓடும் வண்டியில் சகஜம். டிப்ஸ்டிக்கிலேயே அப்படி வந்தால், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதித்தாக வேண்டும். மணல், மினுமினுப்பு, பெட்ரோல் வாசம், பால்நிறம் என்ற இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் ஆயில் தேர்வை ஒத்திவைத்து, பழுதைக் கவனியுங்கள்.

அப்புறம் வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை நோட்டில் குறித்துவிட்டு 1000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இடையிடையே அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும். கொஞ்சம் இறங்குவது இயல்பு. 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை போனாலும் ஏற்கலாம் என்று எழுதிய தயாரிப்பாளர்கள்கூட உண்டு, ஆனால் அவ்வளவு போனால் நான் நிம்மதியாக இருக்க மாட்டேன்.

புகையையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கினால், பெரும்பாலும் வால்வு சீல்கள் இறுகிப்போயிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

கெட்டி ஆயில் தீர்க்காத ஒரு கோளாறு

என்னுடைய பழைய பெட்ரோல் கார் ஆயில் குடிக்க ஆரம்பித்தபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்தார்கள். கையேடு 10டபிள்யூ-40 கேட்ட இன்ஜின் அது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் மேலே டக் டக்கென்று தட்டல். முன்பெல்லாம் இரண்டு நொடியில் அடங்கும் சத்தம், அன்று அரை நிமிடம் நீடித்தது. வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்டுகளுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமானது. ஆயில் குறைவதும் நிற்கவில்லை.

பிறகு வேறொரு மெக்கானிக் அண்ணன் ரப்பர் குழாயோடு இருந்த ஒரு சின்ன வால்வைப் பிடுங்கி, என் காதருகே வைத்து ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. "நல்லதா இருந்தா உள்ள கடகடன்னு ஆடும்" என்றார். அதுதான் பிசிவி வால்வு. பிஸ்டனைத் தாண்டி இன்ஜினின் அடிப்பாகத்தில் சேரும் வாயுவை மறுபடி இன்டேக் பக்கம் இழுத்து எரிய விடுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற சீல்களின் வழியெல்லாம் ஆயிலை வெளியே தள்ளும், எரியவும் வைக்கும். புது வால்வு போட்டு 10டபிள்யூ-40க்குத் திரும்பினேன். ஆயில் செலவு பெருமளவு குறைந்தது, காலைத் தட்டலும் பழைய அளவுக்கு வந்தது.

ஆயில் குறைகிறது என்றால் முதலில் பிசிவி வால்வையும் அதன் குழாய்களையும் பாருங்கள். எல்லா வண்டியிலும் கையில் ஆட்டிப் பார்க்கிற மாதிரி இருக்காது, சிலவற்றில் டயஃப்ரம் வகை இருக்கும். எந்த வகையானாலும் மாற்றுவது பெரிய வேலை இல்லை. அடுத்ததாக டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் டிரெய்ன் போல்ட்டையும் ஃபில்டர் அடியையும் துடைத்துவிட்டு, கசிகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள்.

எண்களின் கணக்கு

கிரேடு என்பது ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்லும் எஸ்ஏஇ அமைப்பின் குறியீடு. 10டபிள்யூ-40 என்பதில் இரண்டு தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் இன்ஜினைச் சுழற்ற ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்கு. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூவை மைனஸ் 25லும், 15டபிள்யூவை மைனஸ் 20லும், 20டபிள்யூவை மைனஸ் 15லும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. பாகுத்தன்மையின் அலகான சென்டிஸ்டோக்கில் சொன்னால், 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9.

இதில் புதியவர்கள் பலர் தடுமாறுவது, 5டபிள்யூ ஆயில் "தண்ணி மாதிரி" என்று நினைத்துவிடுவதில்தான். சூடான இன்ஜினில் 20டபிள்யூ-50 ஏறக்குறைய 18 சென்டிஸ்டோக்கில் ஓடுகிறது. 5டபிள்யூ-30 என்கிற "மெல்லிய" ஆயிலோ 40 டிகிரியிலேயே 60 சென்டிஸ்டோக்கை ஒட்டி நிற்கும். ஆக, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எந்த ஆயிலுமே இன்ஜினுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கெட்டிதான். அந்த முதல் சில நொடிகளில் ஆயில் மேலே ஏறுவதற்குள் உலோகமும் உலோகமும் உரசும். முதல் எண் சிறியதாக இருப்பது அங்கேதான் உதவுகிறது.

கெட்டி ஆயில் போட்டதும் பிரஷர் மீட்டர் முள் ஏறும், மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் முள் ஏறுவது ஆயில் நகரச் சிரமப்படுவதால். அழுத்தம் அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலை பேரிங்குகளுக்கு அனுப்பாமல் திருப்பி விட்டுவிடும். பேரிங்குகளைக் குளிர வைப்பதும் ஆயில்தான், அதற்கு ஓட்டம் வேண்டும்.

சரி, எப்போதுதான் கிரேடை ஏற்றலாம்? பிசிவி வால்வும் கசிவும் சரிசெய்த பிறகும் ஆயில் குறைந்துகொண்டே இருந்தால் ஏற்றலாம். அல்லது இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கி, தனி பிரஷர் கேஜ் மாட்டி அளந்தும் அழுத்தம் குறைவு என்று உறுதியானால் ஏற்றலாம். விளக்கு மினுக்கினால் உடனே இன்ஜினை அணைத்து அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், விளக்குக்குச் சமிக்ஞை தரும் ஸ்விட்சே கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால்தான் கேஜ் வைத்து அளக்கச் சொல்கிறேன். ஏற்றும்போது பின்னால் உள்ள எண்ணை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள், முன்னால் உள்ளதைத் தொடாதீர்கள். 5டபிள்யூ-30 போடும் இன்ஜின் என்றால் 5டபிள்யூ-40. அப்படி மாற்றியும் அடுத்த 1000 கிலோமீட்டரில் வித்தியாசம் தெரியாவிட்டால், இன்னும் கெட்டியைத் தேடாமல் இன்ஜினைத் திறந்து பார்க்கும் யோசனைக்கு வாருங்கள்.

வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றிக்கொள்ளும் இன்ஜின்களில் இந்த ஒரு படியையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். அவற்றில் ஆயில் போகும் துவாரங்கள் மிகக் குறுகியவை. ஆயிலுக்குள்ளேயே டைமிங் பெல்ட் ஓடும் இன்ஜின் என்றால் கையேடு சொன்ன அதே தரம், அதே கிரேடு. அதில் பரிசோதனையே வேண்டாம்.

தர எழுத்துகள்

கேனின் பின்பக்க லேபிளில் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பைக் குறிக்கும் ஏபிஐ என்ற எழுத்துகளுக்கு அடுத்து எஸ்என், எஸ்பி, சிஐ-4 என்று வரும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். பெட்ரோல் வரிசையில் அடுத்த எழுத்து எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம்: எஸ்எல் 2001, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. பொதுவாகப் புதிய தரம் பழையவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். கையேட்டில் எஸ்ஜி என்று இருந்தால் எஸ்என் போடலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது. அலமாரியில் எஸ்ஏ, எஸ்பி என்று அடுத்தடுத்துப் பார்த்தால் கவனமாக இருங்கள். தமிழில் எழுதும்போது எஸ்பி என்பது ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் குறிக்கும். முதலாவது பழங்காலத் தரம், 1951க்குப் பிறகு வந்த பெரும்பாலான இன்ஜின்களுக்கு ஆகாது. எஸ்ஏ அதைவிடப் பழையது, அதில் சேர்மானங்களே கிடையாது. வண்டி பழையதாயிற்றே என்று பழைய தர ஆயில் வாங்குவது பெரிய தவறு.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். மிகப் பழைய இன்ஜின்கள் பலவற்றில், வால்வுகளைத் திறக்கச் சுழலும் கேம் ஷாஃப்ட்டின் புடைப்பு, டேப்பட்டின் தட்டையான முகத்தில் உரசிக்கொண்டே சுழலும். நடுவில் உருளை கிடையாது. அந்த இடத்தைக் காப்பது ஆயிலில் இருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மானம். ஆயில் படலம் கிழியும் இடத்தில் அது உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். ஆனால் பாஸ்பரஸ் சைலன்சர் பக்கம் போனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் 0.08 சதவீதம்தான் உச்சவரம்பு. 40, 50 கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை.

ஆக, கன்வர்ட்டர் இல்லாத, தட்டை டேப்பட் இன்ஜின் உங்களுடையது என்றால், கையேடு அனுமதிக்கும் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 தேர்ந்தெடுப்பது நல்லது. பழங்கால வண்டிகளுக்கென்றே விற்கும் ஆயில்களில் துத்தநாக அளவைப் போட்டிருப்பார்கள். புதிதாகக் கேம் ஷாஃப்ட் மாற்றியிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரில் இதை மிகவும் கவனிக்க வேண்டும். அதே சமயம் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் துத்தநாகம் தூக்கலான ஆயில் வேண்டாம்.

கையேட்டில் ஏசிஇஏ என்று இருந்தால் அது ஐரோப்பியத் தரம். கன்வர்ட்டர் தவிர வேறு வடிகட்டி இல்லாத பழைய இன்ஜின்களுக்கு ஏ3/பி4 பொருந்தும். மிக அதிகச் சூட்டிலும் படலம் கிழியாமல் நிற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பதினைந்து வயது டீசல் கார்களிலேயே அது இருக்கலாம். இருந்தால் சாம்பல் குறைந்த ஏசிஇஏ சி3 போன்ற வகைதான், கையேடு சொல்லும் சி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வடிகட்டி இல்லாத பழைய டீசலுக்கு சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 பெரும்பாலும் போதும்.

மினரலா, சிந்தெடிக்கா?

மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது, சிந்தெடிக் என்பது வேதிமுறையில் செய்வது. பழைய வண்டிக்கு சிந்தெடிக் போட்டால் கசியும் என்பார்கள். ஆயில் புதிதாக ஓட்டை போடாது. இறுகி விரிசல் விட்ட சீலை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடு கரையும்போது, ஏற்கெனவே இருந்த விரிசல் வெளியே தெரியும். உள்ளே சுத்தமாக இருக்கும் இன்ஜினுக்கு சிந்தெடிக் தாராளமாகப் போடலாம். டர்போ இருந்தால் சிந்தெடிக்கே மேல், அந்தச் சூட்டில் மினரல் ஆயில் கரியாகச் சீக்கிரம் படியும். டர்போ இல்லாத எளிய இன்ஜினில், நேரத்துக்கு மாற்றுவதாக இருந்தால் நல்ல மினரல் அல்லது செமி சிந்தெடிக் போதும். அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கென்று வரும் ஆயில்களில் சீல்களை இளக்கும் சேர்மானம் இருக்கும். லேசான கசிவுக்கு முயன்று பார்க்கலாம், கிழிந்த சீலை அது தைக்காது.

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறப் பூச்சு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. கறுப்புக் களி மாதிரி கட்டி கட்டியாக இருந்தால், ஒரே நாளில் கழுவிவிடும் ஃப்ளஷ் மருந்துகளைத் தொடாதீர்கள். உடைந்த கட்டி சம்பில் இருக்கும் உறிஞ்சு வலையை அடைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து. கையேடு சொன்ன கிரேடில் சாதாரண நல்ல ஆயில் ஊற்றி, 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு சேர்த்து இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். கசடு மெதுவாகக் கரைந்து வெளியேறும். மிக அதிகமாக இருந்தால் சம்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்துவிடுவதே பாதுகாப்பு.

ஆயிலோடு கலக்கும் அற்புத மருந்துகளைப் பற்றி ஒரு வரி: வேண்டாம். நல்ல ஆயிலில் சேர்மானங்கள் அளந்துதான் கலந்திருக்கின்றன.

மாற்றும் நாள்

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள், அழுக்கும் சேர்ந்து இறங்கும். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். கையேடு சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கேனில் அடைத்துப் பழைய ஆயில் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

குறைவாக ஓடும் வண்டியானாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நின்றுகொண்டே இருக்கும் இன்ஜினில் ஈரமும் அமிலமும் சேரும்.

வழியில் ஆயில் குறைந்து, உங்கள் கிரேடு கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும் கார் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி ஓட்டி வரலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நோட்டில் தேதி, கிலோமீட்டர், கிரேடு, தர எழுத்து, ஊற்றிய அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பானெட்டின் உள்பக்கம் ஒரு துண்டு டேப்பில் கிரேடையும் லிட்டரையும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் இல்லாத நேரத்தில் யார் பானெட்டைத் திறந்தாலும் கண்ணில் அதுதான் முதலில் படும்.